பாகாயம் ரிஹாப்: முதுகுத்தண்டில் அடிபட்டவரின் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

உங்கள் வீட்டில் யாராவது முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் படுத்திருந்தால் இதைப் பொறுமையாக வாசியுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குள் தேடாதீர்கள். மருத்துவக் கல்லூரி இருக்கிற பாகாயத்தில் இருக்கிறது. காட்பாடியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "பாகாயம் ரிஹாப்" என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

நாங்கள் சாத்தான்குளம் பக்கம். என் வீட்டுக்காரர் பெயின்டர். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து முதுகில் கம்பியும் ஸ்குருவும் வைத்தார்கள். உயிர் பிழைத்தது, கால் இரண்டும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, "படுக்கைப்புண் வராமப் பாத்துக்கோங்க" என்றார்கள். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவரும் காட்டித் தரவில்லை. கொஞ்ச நாளிலேயே புட்டத்தில் புண் வந்து குழி விழுந்துவிட்டது. மூத்திரப் பை எப்போதும் தொங்கிக்கொண்டே இருந்ததால் அடிக்கடி குளிர்காய்ச்சல் வேறு. எங்கள் சேகரத்து ஐயர்தான், அதாவது சபைப் போதகர்தான், விசாரித்து, கடிதம் கொடுத்து பாகாயத்துக்கு அனுப்பினார்.

அங்கே போனதும் முதல் வேலையாகப் புண்ணைத்தான் கவனித்தார்கள். பிறகு டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். ஸ்கேனைக் காட்டி, தண்டுவடம் எந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது, அதற்குக் கீழே என்னென்ன நின்றுபோயிருக்கிறது என்று விளக்கினார். காலைத் தாங்குகிற காலிபர் என்ற கருவியைப் போட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கலாம், சில எட்டுகள் வைக்கலாம், ஆனால் அன்றாடப் பாடு வீல்சேரில்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. இரவில் கேட்டது ஒரே கேள்விதான்: "இனி நான் எதுக்குட்டி இருக்கணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அங்கே கற்றுக்கொடுத்ததை விவரமாக எழுதுகிறேன். இதில் பாதி தெரிந்திருந்தாலே எங்களுக்கு அந்தப் புண் வந்திருக்காது. படுத்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீல்சேரில் உட்கார்ந்திருந்தால் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தினமும் கைக்கண்ணாடியைப் பிடித்து முதுகையும் புட்டத்தையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்தச் சிவப்பு போகிறவரை அந்தப் பக்கம் பாரம் ஏறக் கூடாது. சூடான டம்ளரை மடியில் வைக்கக் கூடாது, தோல் வெந்தாலும் தெரியாது. மூத்திரத்துக்கு எந்நேரமும் பை வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சின்னக் குழாயை விட்டு, உடம்புக்குள் தேங்கிய மூத்திரத்தை முழுசாகக் காலிசெய்துவிட்டுக் குழாயை எடுத்துவிடுவது. முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு இவருக்கே. தானே செய்துகொள்ளப் பழகிய அன்று இவர் முகத்தில் கண்ட தெளிவை நான் அதற்கு முன்னால் பல மாதமாகப் பார்க்கவில்லை. ஒரு ஆண்பிள்ளைக்கு அந்த விஷயத்தில் அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது எவ்வளவு பாரம் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

மலம் கழிப்பதற்கும் தினம் ஒரே நேரத்தில் பழக்கம். கட்டிலிலிருந்து வீல்சேர், அங்கிருந்து கக்கூஸ், திரும்பக் கட்டில் என்று மாறி உட்காரப் பயிற்சி. பெரிய கூடத்தில் கம்பி, மெத்தை, எடைக்கட்டு எல்லாம் இருக்கின்றன. அங்கே ஒரே இடத்தில் வங்காளமும் இந்தியும் தமிழும் கேட்கும்.

இந்த மையம் எப்படி உண்டானது என்பதை அங்குள்ள சாப்ளின் ஐயாதான் (ஆஸ்பத்திரிப் போதகர்) இவருக்குச் சொன்னார். டாக்டர் மேரி வர்கீஸ், கேரளத்துக்காரர், 1925இல் பிறந்தவர். சி.எம்.சி.யில் படித்து அங்கேயே வேலையில் இருந்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் கூட வேலை செய்கிறவர்களோடு காரில் போகும்போது விபத்து. முகத்திலும் காயம், இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண் அவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், "அந்த ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம்" என்று அவரைத் தூண்டிவிட்டார். வீல்சேரிலிருந்தபடியே கை ஆபரேஷன்கள் செய்ய ஆரம்பித்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்த் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அமெரிக்காவில் நியூயார்க்குக்குப் போய், தன்னைப்போல் அடிபட்டவர்களை எழுப்பி உட்கார வைக்கிற படிப்பைக் கற்றுக்கொண்டு வேலூருக்கே திரும்பினார். அவர் தலைமையில் வளர்ந்த துறைக்குத்தான் 1966இல் பாகாயத்தில் இந்த மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு இவர் சாப்ளின் ஐயாவிடம் கேட்டார்: "அப்போ அந்தம்மா விழுந்ததாலதான் எனக்கு இந்தக் கட்டிலா?" ஐயா அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. பைபிளில் யோவான் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து, பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்ட இடத்தை வாசித்தார். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டார். இவர் அழுதுவிட்டார். காரணம் இருக்கிறது. பாகாயம் வருமுன்னே ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு இவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். எழுந்து நட என்றார்கள். முடியவில்லை. வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, விசுவாசம் போதாது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தன் வாலிப நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, எதற்காகக் கர்த்தர் தண்டித்தார் என்று தேடிக்கொண்டே இருந்தார்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் இவர் விழுந்ததைத் தேவன் திட்டம் போட்டுச் செய்தார் என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன். சாரம் கட்டிய கயிறு இற்றுப்போயிருந்தது. அதை மாற்றாமல் ஆளை ஏற்றியது மனுஷர் செய்த குற்றம். விழுந்தவரைக் கர்த்தர் கைவிடவில்லை என்பதற்கு மட்டும் நான் சாட்சி. பைபிளில் அப்போஸ்தலன் பவுலும், தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன பாடு ஒன்றை எடுத்துப்போடச் சொல்லி 3 தடவை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் வந்தது. சின்ன வயதிலிருந்து மனப்பாட வசனமாகச் சொன்னது, அந்த வார்டில்தான் எனக்குச் சாப்பாடாக இருந்தது.

கடைசி வாரங்களில் பக்கத்துக் கட்டிலுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு பையன் வந்தான். சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளுவான். இவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. வீல்சேரைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக் காட்டுவார். விரலால் எண்ணிக் காட்டுவார். அவனையும் செய்யச் சொல்லுவார். இரண்டொரு நாளில் அவன் இவரைப் பார்த்தால் சிரிக்கத் தொடங்கினான். சாப்பாட்டு நேரத்துக்கு இவர் வந்தால்தான் தட்டைத் தொடுவான். "நான் எதுக்கு இருக்கணும்னு கேட்டேம்லா, அந்தப் பயலுக்கு நான் வேணும்" என்றார். தேவன் எங்களுக்குக் கொடுக்கிற ஆறுதலைக்கொண்டே உபத்திரவப்படுகிற மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லும்படி என்று 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் கோயிலில் எத்தனையோ பிரசங்கம் அந்த வசனத்தின்மேல் கேட்டிருக்கிறேன். அந்த வார்டில் அதைப் புரியவைக்க யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியிருக்கவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும், மற்ற மதத்தார் தயங்க வேண்டாம். எங்களோடு இருந்த பாய் தம் நேரத்துக்குத் தொழுவார். ஊழியர்கள் யாருக்கும் ஜெபம் பண்ணுமுன், பண்ணலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பண்ணுவார்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இயேசு ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவே வந்தார் என்ற வசனத்திலிருந்து எடுத்ததுதான் சி.எம்.சி.யின் குறிக்கோள் வாசகம். அந்த வார்டு நர்சம்மாக்கள் மலத்துணி மாற்றுகிறபோது முகம் சுளிக்காததில் எனக்கு அது தெரிந்தது.

யோசிக்க வேண்டியதும் உண்டு. சில நாளில் முடிகிற சிகிச்சை இல்லை, வாரக்கணக்கில் தங்க வேண்டும். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அவர்தான் எல்லாம் கற்றுக்கொள்கிறவர். அதனால் இரண்டு பேர் வருமானமும் நின்றுபோகும். எங்களுக்குச் சபையாரும் என் தம்பியும் தாங்கினார்கள். பண விஷயத்தை ஆரம்பத்திலேயே அங்குள்ள சோஷியல் ஒர்க்கரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். கால் பழையபடி வரும் என்ற ஒரே எண்ணத்தோடு போகிறவர்களுக்கு முதல் வாரம் மிகவும் கசப்பாக இருக்கும். அதைத் தாண்டுகிறவரை வீட்டார் கூடவே இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்தபின் வாசலில் சாய்தளம் போட்டோம், கக்கூஸ் கதவை அகலப்படுத்தினோம். கோயிலிலும் சபையார் தாங்களாகவே ஒரு சாய்தளம் கட்டிவிட்டார்கள். இப்போது முழங்கால் வலிக்காரப் பாட்டிமாரும் அதில்தான் ஏறுகிறார்கள். இவர் வீட்டிலிருந்தபடியே கடை போர்டு எழுதுகிறார். பக்கத்து ஊரில் பனையேறி விழுந்த ஒரு தம்பியை ஐயரோடு போய்ப் பார்த்துவருகிறார். வேத வசனம் சொல்வதற்கு முன்னால் அவன் முதுகைக் கண்ணாடியில் பார்த்துவிடுவார். அந்தத் தம்பியும் அவன் அம்மாவும் பாகாயத்துக்குக் கிளம்புகிறார்கள், அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

போகுமுன் கட்டில் எப்போது கிடைக்கும் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் காகிதம், ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். இரண்டு தலையணை கூடுதலாக இருக்கட்டும், ரயிலிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஊரில் அவசரப்பட்டு வீல்சேர் வாங்கிவிடாதீர்கள். அங்கே இடுப்பு அகலமும் தொடை நீளமும் அளந்து சொல்வார்கள், அந்த அளவுக்கு வாங்கினால்தான் புண் வராது. கோடையில் போனால் வேலூர் வெயில் கடுமை. கழுத்துப் பக்கம் அடிபட்டவர்களுக்கு வியர்க்காமல் உடம்பு சூடேறிவிடும், ஆகையால் தண்ணீரும் ஈரத்துண்டும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.