பேபி கேரியர்: மூன்று வருஷம் கட்டிப் பார்த்த அனுபவம்

மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது வாங்கிய பேபி கேரியர் இது, அதாவது குழந்தையை நம் உடம்போடு கட்டிச் சுமக்கிற பை. இடுப்பில் அகலமான ஒரு பட்டை, தோளுக்கு இரண்டு வார், கழுத்துக்குப் பின்னால் ஒரு பக்கிள் என்று எல்லாரும் பார்த்திருக்கும் சாதாரண மாடல்தான். இப்போது அவளுக்கு மூன்றேகால் வயது, தம்பிக்குப் பதினான்கு மாதம். நடுவில் ஒரு பத்து மாதம் அலமாரியில் கிடந்தது. மற்றபடி கிட்டத்தட்ட தினமும் உழைத்திருக்கிறது.

ஒரே குழந்தையாக இருந்தவரை இது எனக்கு அவசியமாகவே படவில்லை. எனக்குக் கை வலித்தால் மனைவி வாங்கிக்கொள்வாள், அவளுக்கு வலித்தால் நான். இதில் பைக்கு என்ன வேலை? வெளியே போகும்போது மட்டும் கட்டுவோம். சின்னவன் பிறந்த பிறகுதான் கணக்கு மாறியது. அவன் கையில் இருந்தால் பெரியவளுக்குக் கை கிடையாது. அவளுக்குச் செருப்பு மாட்டுவது, பட்டன் போடுவது, மூக்கைத் துடைப்பது எல்லாமே இரண்டு கை வேலை. நீங்கள் குழந்தையைத் தூக்கியிருப்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அந்த வேலைகள் எல்லாம் அவசரமாகிவிடும். ஆக, சின்னவனைச் சுமக்கும் பொருள் என்று பெயரே தவிர, எங்கள் வீட்டில் இதைக் கட்டுவது பெரியவளுக்காகத்தான்.

ஒரு மதியம் அரை மணி நேரம் கூடத்தில் நடந்து, சின்னவன் அப்போதுதான் நெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தான். "அப்பா, உச்சா!" டயப்பர் விட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்தக் குரலுக்குப் பத்து விநாடிதான் கெடு. அவளைக் கழிப்பறைக்குத் துரத்திக்கொண்டு போய், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் அவன் தலையைத் தாங்கி, மறு கையால் அவள் கால்சட்டையை இழுத்தேன். பாதிதான் இறங்கியது. மீதிக் கதை தரையில். கழுவி, துடைத்து, வேறு உடுப்பு மாட்டி முடிக்கும்வரை சின்னவன் ஒரு முறை பெருமூச்சு விட்டானே தவிர கண் திறக்கவில்லை. இந்தப் பைமேல் எனக்கு இருக்கிற மரியாதை எல்லாம் அன்றைக்கு வந்தது.

சரி, குறைக்கு வருகிறேன். இடுப்புப் பட்டையில் வெல்க்ரோ வைத்த புண்ணியவான் கைக்குழந்தையைத் தூங்க வைத்தே இருக்க மாட்டார். முக்கால் மணி நேரம் பாடுபட்டுத் தூங்க வைத்துவிட்டுப் பிரித்தால் 'சர்ர்ர்' என்று துணி கிழிகிற சத்தம். ஒரு பல் ஒரு பல்லாக வெல்க்ரோ பிரிக்கிற கலையை நானும் மனைவியும் கற்றுக்கொண்டிருக்கிறோம். இப்போது வாங்குவதாக இருந்தால் பக்கிள் மட்டும் உள்ளதைத்தான் வாங்குவேன்.

சத்தத்தைத் தாண்டினாலும் படுக்கையில் கிடத்தும்போது விழித்துவிடுவான். 2022-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் இதையே ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கிய பிறகு உடனே படுக்க வைக்காமல் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நம் உடம்பிலிருந்து பிரிகிற அந்த நொடியில்தான் குழந்தை விழிக்கிறதாம். செய்து பார்த்தேன், பாதிக்கு மேல் பலித்தது. ஆனால் எட்டு நிமிடம் சும்மா உட்கார அக்காக்காரி அனுமதிக்க வேண்டுமே. அவள் விழித்திருக்கும் நேரத்தில் நான் பையை அவிழ்ப்பதே இல்லை. தூக்கம் முழுவதும் நெஞ்சிலேயே நடக்கும், என் தோள் அதற்கு வட்டி கட்டும்.

மனைவி நல்ல உயரம், நான் குள்ளம். கைமாறும்போதெல்லாம் ஆறு இடத்தில் வாரை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவளுடைய அளவில் சிவப்பு நூல், என்னுடையதில் கறுப்பு நூல் என்று தைத்து வைத்த பிறகு சண்டை குறைந்தது. இரண்டாவது பிரசவமான புதிதில் வயிற்றில் பட்டை அழுத்துகிறது என்று அவள் இதைத் தொடவே இல்லை. முதல் இரண்டு மாதம் முழுக்க நான்தான்.

கட்டுகிற விதத்தில் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். மகளுக்குக் கால் இரண்டும் தொங்கும்படி கட்டிக்கொண்டிருந்தோம். பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு செவிலியர் பார்த்துத் திருத்தினார். குழந்தையின் முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், தொடை முழுவதையும் துணி தாங்க வேண்டும், இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது என்றார். குழந்தையின் முகவாய் அதன் நெஞ்சில் அழுந்தக் கூடாது, நடுவே இரண்டு விரல் போக வேண்டும். முகம் எப்போதும் நம் கண்ணில் பட வேண்டும், தலை குனிந்தால் உச்சியில் முத்தம் எட்ட வேண்டும். முதல் நான்கு மாதம் இதில் துளியும் அசட்டை கூடாது, மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். அடுப்படி வேலையும் வண்டிப் பயணமும் பையோடு வேண்டவே வேண்டாம்.

20 கிலோ வரை தாங்கும் என்று லேபிளில் இருக்கிறது. அது துணியின் கணக்கு, என் முதுகின் கணக்கு வேறு. காய்ச்சலில் கிடந்த பெரியவளை ஒரு நாள் முதுகில் கட்டினேன், அப்போது 12 கிலோ. இருபது நிமிடத்தில் நான் சோபாவைத் தேடினேன், அவளோ இறங்க மாட்டேன் என்றாள்.

துவைப்பதுதான் பெரிய தொல்லை. பல் முளைக்கும் மாதங்களில் தோள்வாரைச் சப்பிச் சப்பியே ஊற வைத்துவிடுவான், பஞ்சு வைத்த பட்டை காய முழுதாக இரண்டு நாள். கடைசியில் வாரின் மேல் ஒரு கைக்குட்டையைச் சுற்றி ஊக்கு இல்லாமல் தைத்துவிட்டோம். கைக்குட்டையை மட்டும் பிரித்துத் துவைத்தால் போதும்.

தம்பி பையில் இருப்பதைப் பார்க்கப் பெரியவளுக்கு முதலில் ஆகவே இல்லை. "பாப்பாவை இறக்கு, என்னைக் கட்டு" என்று வாரைப் பிடித்துத் தொங்குவாள். சமாதானம் சொல்லி அலுத்து, ஒரு நாள் அவள் பொம்மையைத் துண்டால் அவள் மார்பில் கட்டிவிட்டேன். அதிலிருந்து நான் பக்கிள் போடும் 'டக்' சத்தம் கேட்டால் பொம்மையும் துண்டுமாக வந்து நிற்கிறாள். அவளுக்குக் கட்டி முடித்த பிறகுதான் நான் நகர முடியும்.

இடது தோளில் தையல் விட ஆரம்பித்திருக்கிறது. சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான், பையில் போட்டால் உதைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறான். தைக்கக் கொடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன். "எதுக்கு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போன வாரம் நானே உட்கார்ந்து தைத்துவிட்டேன்.