கருவை முள், கடல் மணல், ஸ்னீக்கர்: எது உங்கள் காலுக்கு?

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் ஸ்னீக்கர் வாங்கப் போகிறவர்கள் கடைசியில் மூன்றில் ஒன்றிடம்தான் வந்து நிற்கிறார்கள்: கன்வெர்ஸ் பிராண்ட் மாதிரியான கான்வாஸ், வெள்ளைத் தோல் அல்லது ரெக்சின், லேஸே இல்லாத வலைத்துணி ஸ்லிப்-ஆன். மூன்றுமே ஓடுவதற்கு இல்லை. காலேஜ், கடைத்தெரு, பஸ் பயணம், கல்யாண வீடு என்று போட்டுத் திரிய. இவற்றை யூடியூபில் அலசுகிறவர்கள் பளிங்குத் தரையில் நடந்து காட்டுகிறார்கள். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது முள்.

ஸ்லிப்-ஆனில்தான் சிக்கல் அதிகம். அடிப்பாகம் முழுக்க ஃபோம்; தரையில் படும் இடத்தில் அங்கங்கே ரப்பர் துண்டு ஒட்டியிருந்தால் பெரிய விஷயம். சீமைக் கருவேல முள் அதில் வெண்ணெயில் ஊசி போல இறங்கும். இறங்கியதோடு விடாது. நாலு எட்டு வைப்பதற்குள் முள்ளின் அடி ஒடிந்துவிடும், நுனி மட்டும் உள்ளே தங்கிவிடும். ஷூவைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை ஊன்றும்போது ஃபோம் அமுங்கி சுருக்கென்று குத்தும், தூக்கினால் வலி போய்விடும். உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் இன்சோலை உருவிவிட்டு விரலால் மெல்லத் தடவி, நுனி தட்டுப்பட்டால் குறடால் உள்பக்கமாக இழுக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கு அந்தச் சுருக்கும் தெரியாது, புண்ணானபிறகுதான் தெரியும். அவர்களுக்கு இந்த ஷூவே வேண்டாம் என்பேன். பொடி மணலும் வலைத்துணி வழியே புகுந்து இன்சோலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் கழற்றி மாட்டும் சுகத்தில் இதை அடிக்க ஆளில்லை. கோயில், ஏர்வாடி தர்கா, சொந்தக்காரர் வீடு என்று ஒரு நாளில் எத்தனை வாசலில் கழற்றுகிறோம்! ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரக்காலோடு வருகிறவர் சாக்ஸ் மாட்டி லேஸ் கட்டிக்கொண்டிருக்க முடியுமா? (அன்றைக்கு ரப்பர் செருப்பே உத்தமம்.)

கான்வாஸ் இந்த மண்ணுக்குக் கொஞ்சம் தோதானது. அடியில் ஃபோமுக்குப் பதில் கெட்டி ரப்பர் என்பதால் சின்ன முள்ளைத் தாங்கும். நீள முள்ளுக்கு அதுவும் உத்தரவாதம் இல்லை. குறை வேறு இடத்தில். 1917-இல் கூடைப்பந்துக்கென வந்த கன்வெர்ஸ் ஷூவின் வம்சம் அது, அடி இன்றைக்கும் தட்டையாகவே இருக்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிக்கிறவருக்கு இது ஆகாது. லேஸ் துளை வளையங்கள் பித்தளை என்றால் உப்புக்காற்றில் பச்சை பூக்கும். கடல் தண்ணீர் பட்ட துணியை அப்படியே காயவிட்டால் உப்பு உள்ளேயே தங்கி, ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

வெள்ளைத் தோல் ஸ்னீக்கர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மணலைத் தட்டிவிடலாம், துடைத்தால் போதும், பார்வைக்கு லட்சணம். நம் வெயிலுக்கு உள்ளே புழுங்கும். விலை குறைந்த ரெக்சின் என்றால் விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும். பாலியூரித்தேன் சோல் உள்ளதை விசேஷத்துக்கு மட்டும் என்று வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டினால், காற்றின் ஈரத்திலேயே அடி உதிர்ந்துபோகும்.

எதை எடுத்தாலும் கால் அகலத்தைப் பாருங்கள். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் லட்சம் பேருக்கு மேல் பாதத்தை அளந்து, இந்தியர்களுக்கென்று ‘பா’ என்ற தனி அளவுமுறையையே முன்வைத்திருக்கிறது. நம் பாதம் பொதுவாக ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்பதுதான் காரணம். கடையில் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரம் வெளியே வழிந்தால் எவ்வளவு அழகான ஷூவானாலும் வைத்துவிடுங்கள். நீளத்தில் ஒரு நம்பர் கூட்டினால் அகலப் பிரச்சினை தீராது, குதிகால்தான் கழன்று ஆடும். சாயங்காலம் போய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது, பகலெல்லாம் நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும். ஷூவை வளைத்தால் விரல் அடியில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் அது பாதத்தைத் தாங்காது.

என்னைக் கேட்டால், அகலம் பொருந்துகிற, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் கான்வாஸ். உள்ளே தனியாக ஒரு மெத்தை இன்சோல். கல்லாவில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு மூன்றுமே வேண்டாம், நல்ல ரன்னிங் ஷூ வாங்குங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போய் மணலில் இறங்கி நடக்கத்தான் இத்தனை யோசனை என்றால், குதிகால் வார் வைத்த சாண்டல் போதும்.