லைவ் லொகேஷனும் எங்கள் சனிக்கிழமைகளும்

கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். பெரும்பாலும் பெசன்ட் நகர் கடற்கரை, சில நாள் மெரினா. முன்பெல்லாம் ஒருவன் உழைப்பாளர் சிலையருகே நிற்பான், இன்னொருவன் காந்தி சிலையருகே காத்திருப்பான். "எங்கடா இருக்க?" என்று கேட்டே அரை மணி நேரம் ஓடிவிடும்.

நான்கு வருடமாக, நாம் நகர நகர இருக்கும் இடத்தை மேப்பில் ஒரு புள்ளியாக அடுத்தவருக்குக் காட்டும் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன்தான். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று ஆப்ஷன். கிளம்பும்போது 1 மணி போடுவோம், நேரம் முடிந்ததும் அதுவே நின்றுவிடும். என்கிரிப்ஷன் இருப்பதால் நிறுவனத்தால் பார்க்க முடியாது என்கிறார்கள். சரி, இருக்கட்டும். என் கவலை நிறுவனம் அல்ல, எங்கள் பழைய கல்லூரி குரூப்பில் இருக்கும் அறுபது பேர். அதனால்தான் எட்டுப் பேருக்குத் தனி குரூப்.

அதிலும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு மெரினாவில் நடக்கப் போனபோது கை தவறி 8 மணியைத் தொட்டிருக்கிறேன். பிற்பகல் தரமணியில் ஒரு இன்டர்வியூ. வேலை மாறும் யோசனையை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் நண்பனிடமிருந்து இரண்டு மணிக்கு மெசேஜ்: "தரமணில என்ன மச்சி?" அன்றிலிருந்து, கடற்கரையில் கால் வைத்ததும் பகிர்வை நானே நிறுத்திவிடுகிறேன்.

கூகுள் மேப்ஸில் லிங்க் அனுப்பியும் பகிரலாம், வாட்ஸ்அப் இல்லாதவருக்கு அது வசதி. ஆனால் கூகுள் கணக்கு உள்ளவரோடு பகிரும்போது 'நிறுத்தும் வரை' என்றும் அதில் ஒரு ஆப்ஷன் உண்டு. அந்தப் பக்கமே நான் போவதில்லை.

மெட்ரோவில் வருபவர்களின் புள்ளியை நம்பாதீர்கள். சின்னமலை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கினால் ஜிபிஎஸ் கிடைக்காது, புள்ளி அங்கேயே உறைந்து நிற்கும். பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் சில போன்களில் இதே கதைதான்.

தோழி ஒருத்தி இதுவரை ஒருமுறைகூடப் பகிர்ந்ததில்லை. ஏறியதும் ஒரு மெசேஜ், இறங்கியதும் ஒன்று, அவ்வளவுதான். ஏன் என்று கேட்ட ஒருவனுக்கு, "உன் வேலையப் பாரு" என்று பதில் கிடைத்தது. பெரும்பாலும் முதலில் வந்து சேர்வதும் அவள்தான்.

அம்பத்தூர்க்காரன் கதை வேறு. "கிளம்பிட்டேன்டா, திருவான்மியூர் வந்துட்டேன்" என்பான், புள்ளி அவன் வீட்டிலேயே இருக்கும். நான்கைந்து முறை பிடிபட்ட பிறகு, இப்போது அடையாறு டிப்போ தாண்டினால்தான் லொகேஷனையே போடுகிறான்.