தக்காளிக்கு நீர்த்த கரைசலா, அடர்ந்த கரைசலா?

மண்ணில்லாமல் வளரும் தக்காளிக்குச் சாப்பாடே நாம் கலந்து ஊற்றும் சத்துக்கரைசல்தான். அதில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை, கரைசலின் மின்கடத்துதிறனை (இ.சி., அலகு mS/cm) அளக்கும் இ.சி. மீட்டர் காட்டிவிடும். 2, 2.5 என்று நீர்க்க ஓட்டுவதா, 4, 5 என்று ஏற்றுவதா? பழத்தின் ருசியை இந்த முடிவு மாற்றும் அளவுக்கு வேறெந்த உர மாற்றமும் மாற்றுவதில்லை என்பது என் கருத்து.

கரைசல் நீர்த்திருந்தால் வேர் சிரமமில்லாமல் தண்ணீர் இழுக்கும். பழம் பெருக்கும், எடை நிற்கும். ஆனால் இனிப்பும் புளிப்பும் அந்தத் தண்ணீரிலேயே கரைந்துபோகும். 1990-களில் நெதர்லாந்தின் கண்ணாடிக்கூடத் தக்காளியை ஜெர்மானியர்கள் 'தண்ணீர்க் குண்டு' என்றே அழைத்தார்கள். விளைச்சலைக் குறிவைத்த ரகங்களுக்கும் அதில் பங்குண்டு.

அடர்ந்த கரைசலில் கதை வேறு. உப்பு மிகுந்தால் வேருக்குள் தண்ணீர் போவது குறையும். பழம் சிறுக்கும், சர்க்கரை செறியும். ஜப்பானின் கோச்சியில் 1970 புயலில் கடல்நீர் புகுந்த தொகுதானி வயல்களில் விளைந்த குட்டித் தக்காளி அபாரமாக இனித்தது. அங்கே இன்றும் அதற்குத் தனி மதிப்பு. சாதாரணத் தக்காளியின் பிரிக்ஸ் அளவு (சாற்றில் கரைந்த சர்க்கரையைக் காட்டும் எண்) 4, 5 இருந்தால், அந்த மாதிரிப் பழங்களுக்கு 8-ஐத் தொடும்.

இந்த இனிப்புக்கு விலை உண்டு. மண்ணில் போட்ட கணக்குப்படி, வேர்ப்பகுதியின் இ.சி. 2.5-ஐத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் மகசூல் சுமார் 10% குறையும். அதைவிடக் கவலை, பழத்தின் அடி கறுத்து அழுகுவது. சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், தண்ணீரோடுதான் மேலே ஏறும். தண்ணீர் குறைந்தால் பழத்தின் அடிக்கு அது எட்டாது. உடனே கால்சியத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். அது இ.சி.யை இன்னும் ஏற்றுமே தவிர நோயைத் தீர்க்காது. அம்மோனிய உரமும் கால்சியத்தோடு போட்டி போடும், அதனால் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவே கொடுங்கள்.

சரி, பொட்டாஷ்? குறைந்தால் பழம் திட்டுத்திட்டாகப் பழுக்கும், மிகுந்தால் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தடுக்கும். பலரும் அடிப்படையாகக் கொள்ளும் ஹோக்லாந்து சத்துக்கரைசலில் பொட்டாசியம் 235 பிபிஎம் (பத்து லட்சத்தில் 235 பங்கு), கால்சியம் 200. பழம் பிடித்தபின் பொட்டாஷைக் கொஞ்சம் கூட்டலாம்.

என் ஓட்டு ரகத்தைப் பொறுத்தது. செர்ரி தக்காளி என்றால் தயங்காமல் 4 வரை ஏற்றுவேன். பெரிய பழ ரகத்துக்கு முதல் கொத்து பிடிக்கும்வரை 2.5, அப்புறம் படிப்படியாக 3, 3.5, அதற்கு மேல் வேண்டாம். வெயில் கொளுத்தும் நாளில் செடி தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும், அன்று கரைசலை நீர்க்க விடுங்கள். ஆனால் ஒரேயடியாக இறக்கினால் பழுக்கும் பழம் வெடித்துவிடும். தொட்டியில் அளந்தால் மட்டும் போதாது, வேரிலிருந்து வடியும் நீரையும் அளக்க வேண்டும். தொட்டியில் 3 காட்டும்போதே வடிநீர் 5 காட்டலாம், செடி குடித்துக்கொண்டிருப்பது அந்த ஐந்தைத்தான்.