கிராம சபை: கணக்குக் கேட்கும் இடமாக எவ்வளவு பயன்படுகிறது?

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் சேவையைப் பொதுமக்கள் நேருக்கு நேர் எடைபோட இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் வரவு செலவை வேகமாக வாசித்து முடித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பெரிய குறை அதுதான். வாசிப்பதோடு விடாமல், தலைப்புவாரியாக எழுதிப் பலகையில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி குறிப்பாக இருந்தால்தான் பதில் வரும். "தண்ணீர் சரியில்லை" என்றால் "பார்க்கிறோம்" என்பதோடு போய்விடும். மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவினார்களா, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களா, கடைசித் தெருக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்கிறதா என்று கேளுங்கள். பவுடர் பழசாகி வீரியம் இழந்திருந்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை. வாங்கிய தேதியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கூட்டத்துக்கு முன்பே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினால் போடாதீர்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்து. நகல் கேட்டு மனுவும் அன்றே கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் "போன தீர்மானம் என்ன ஆயிற்று" என்று தொடங்க அந்தத் தாள் வேண்டும்.