போரேட் தூள்: வண்டை நிறுத்தியது, கறையை நிறுத்தவில்லை

பேராவூரணிப் பக்கத்து நண்பர் ஒருவர், தோப்பில் சாய்ந்த மாமரத்தை அறுத்துப் பலகையாக்கப் போவதாகவும், நான் பயன்படுத்தும், மரத்தை வண்டரிக்காமல் காக்கும் போரான் உப்பான போரேட் தூளை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். ஆனால் அந்த ஒரு வரி என் நீண்ட நாள் அனுபவத்துக்கே முரணாக இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் எங்கள் பகுதியில் பலாவும் மாவும் வாகையும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது இந்தத் தூளை முதன்முதலாக வாங்கினேன். அதுவரை பட்டறையில் அறுத்த பலகைக்குக் கழிவு எண்ணெய் பூசுவதே வழக்கமாக இருந்தது. எண்ணெய் மேலோடு நின்றுவிடும். பிறகு அந்தப் பலகையில் வார்னிஷும் பிடிக்காது. உள்ளே இட்ட முட்டையிலிருந்து வளர்ந்த வண்டு பல மாதங்கள் கழித்து, சில வேளைகளில் ஓராண்டு கழித்துக்கூட, குண்டூசித் தலையளவு துளையிட்டு வெளியேறும்போது, செய்து முடித்த கட்டிலுக்கடியில் முகத்துக்குப் பூசும் பவுடரைப் போல் மாவு கொட்டிக் கிடக்கும். அந்த வண்டுக்கு வேண்டியது வெளிற்றில், அதாவது மரத்தின் வெளிப்புற இளம்பகுதியில், இருக்கும் மாச்சத்துதான். வாகையிலும் பலாவிலும் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியை, அது தொடுவதில்லை. மாமரத்தில் பிரித்துச் சொல்லும்படி வைரம் பெரும்பாலும் இருக்காது என்பதால் பலகை முழுவதுமே அதற்கு இரைதான்.

போரேட்டின் சிறப்பு, அது ஈரத்தின் வழியே மரத்துக்குள் ஊர்ந்து செல்வது. அறுத்த அன்றே, பச்சை ஈரம் குறையுமுன், நூறு லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிலோ என்ற அளவில் கரைத்த தொட்டியில் பலகையை முக்கியெடுத்து, இடைவெளி விடாமல் நெருக்கமாக அடுக்கித் தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதன் பிறகுதான் இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துக் காற்றோட்டமாக அடுக்கலாம். காய்ந்த பலகையில் பூசினால் மருந்து மேற்பரப்பிலேயே தங்கிவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு அதைத் தின்றால்தான் சாகும் என்பதால் மேற்பூச்சினால் பெரிய பயனில்லை. வெங்காரத்தையும் (போராக்ஸ்) போரிக் அமிலத்தையும் ஆறுக்கு நாலு என்ற கணக்கில் வெந்நீரில் கலந்தாலும் ஏறக்குறைய இதே கரைசல் கிடைக்கும். ஆயத்தத் தூள் விரைவாகக் கரைகிறது என்பதே அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு நியாயம்.

மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கும் சோதனைதான் எனக்கு இன்றுவரை சலிக்காத மகிழ்ச்சி. மூடிவைத்த அடுக்கிலிருந்து ஒரு பலகையை எடுத்து, முனையை விட்டு நடுவில் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தைக் காயவிட்டு, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டிய மஞ்சள் சாற்றைத் தடவுகிறேன். அது உலர்ந்ததும், சாலிசிலிக் அமிலம் கரைத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கையுறை அணிந்து அதன்மேல் பூசுகிறேன். சில நிமிடங்களில், போரான் சென்ற இடமெல்லாம் செங்கல் நிறத்தில் சிவக்கிறது. செல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கிறது. முதல் வாரத்தில் வெட்டினால் ஓரத்தில் சிவப்பு விளிம்பும் நடுவில் மஞ்சள் தீவும் தெரியும். வாரங்கள் செல்லச் செல்ல அந்தத் தீவு சுருங்கி மறைவதைக் கண்ணாலேயே காணலாம். சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அமிலம் பட்டபின் அந்தச் சிவப்பு நிற்காது, போரானின் சிவப்பு நிற்கும். வேறெந்த மரமருந்திலும் கொடுத்த காசுக்கான பலனை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. கஜாவில் விழுந்த வாகையில் செய்த பெஞ்சுகளில், வெளிற்றோடு சேர்த்து அறுத்த பலகைகள் உட்பட, இதுவரை ஒரு துளைகூட இல்லை.

இவ்வளவும் உண்மையாக இருந்தும் என் கோபம் தணியவில்லை. உறையில் பூச்சி, கரையான், பூஞ்சை ஆகிய மூன்றையும் தடுக்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சையைப் போரேட் தடுக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த அளவில் உறை பொய் சொல்லவில்லை. ஆனால் பச்சைப் பலகை வாங்குபவர் அஞ்சுவது நீலக்கறைப் பூஞ்சையைத்தான், அதை இந்தத் தூள் தனியாக நின்று தடுப்பதில்லை. மருந்து உள்ளே இறங்க எந்த ஈரமும் மூட்டமும் வேண்டுமோ, கறை பரவவும் அதே ஈரமும் மூட்டமும்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிவைத்த மாம்பலகையைத் திறந்தால், மேலே சாம்பல் நிறப் பூசணமும், அடியில் இழையோடு இழையாக ஓடும் கருநீலக் கோடுகளும் காத்திருக்கும். பூசணத்தைத் துடைத்துவிடலாம். கோடுகளோ இழைப்புளிக்கு அகப்படாத ஆழத்தில் இருக்கின்றன. பலகையின் வலு பெரிதாகக் குறையாது என்று எவ்வளவு விளக்கினாலும், வெளிர் நிற மாம்பலகை கேட்டு வந்தவர் அதை வாங்குவதில்லை. விற்றவரிடம் முறையிட்டபோது, மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றும், கறைக்குத் தனி மருந்து இருக்கிறது, அதையும் கலந்து முக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒரு வரியை உறையில் அச்சிட்டிருந்தால், பருவம்தோறும் நல்ல பலகைகள் பாதி விலைக்குப் போயிருக்காது.

தொட்டியில் மிஞ்சும் கரைசலைப் பற்றியும் உறையில் எச்சரிக்கை இல்லை. தென்னைக்குச் சிறிதளவு வெங்காரம் வைப்பது வழக்கம்தான், ஆனால் இந்தச் செறிவில் வாழையடியிலோ தென்னையடியிலோ ஊற்றினால் இலை ஓரங்கள் கருகிவிடும். ஆகவே மூடிவைத்து அடுத்த அறுப்புக்கே பயன்படுத்துகிறேன்.

வாகை, பலா அறுக்கும்போதெல்லாம் இந்தத் தூளைத் தொடர்ந்து வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். நண்பருக்கோ, வாங்க வேண்டாம் என்றே பதில் அனுப்பியிருக்கிறேன். அவருடையது மாமரம், வருவது அடைமழைக் காலம். மரத்தை அறுக்காத கட்டையாகக் கிடக்கவிடாமல் உடனே அறுத்து, அன்றே ரீப்பர் வைத்துக் கூரைக்கடியில் அடுக்கி, முடிந்த விரைவில், பலகையைச் சூடேற்றி உலர்த்தும் சீசனிங் சூளைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பலகையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் நின்றால் உள்ளிருக்கும் புழு செத்துவிடும். சூளையிலிருந்து வந்த பலகையில் வண்டு மறுபடியும் முட்டையிட முடியும் என்பதால், பொருளைச் செய்து முடித்தவுடன், அடிப்பக்கத்தையும் விடாமல், எல்லாப் பக்கத்திலும் வார்னிஷ் பூசிவிட வேண்டும்.