கூனா, லகாடோஸா?

பாளையங்கோட்டைப் பக்கம் பன்னாட்டு உறவுகளில் ஆய்வேடு எழுத உட்காருகிறவர்களிடம் இந்தக் கேள்வி வரும்: துறை வளர்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

அறிவியல் தத்துவவாதி தாமஸ் கூன் (1962) வழி சுலபம். ஒரு கருத்துச்சட்டகம் ஆளும், விடைகாணாப் புதிர்கள் குவியும், இன்னொன்று வந்து உட்காரும். ஆனால் நாடுகளை அதிகாரப் போட்டிதான் நடத்துகிறது என்னும் யதார்த்தவாதமும், ஒத்துழைப்பும் சாத்தியம் என்னும் தாராளவாதமும் ஒன்றையொன்று விரட்டாமல் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் துறை இது. பொருந்தவில்லை.

இன்னொரு அறிவியல் தத்துவவாதி இம்ரே லகாடோஸ் கறார். கோட்பாட்டைத் திருத்தலாம், திருத்தம் புதிதாக எதையாவது சொல்ல வேண்டும், அது மெய்ப்படவும் வேண்டும். இல்லையென்றால் தேய்வுதான். 1997இல் பன்னாட்டு உறவு ஆய்வாளர் ஜான் வாஸ்குவெஸ் இதை வைத்துத்தான் யதார்த்தவாதத்தைச் சாடினார். யதார்த்தவாதியான கென்னத் வால்ட்ஸ் ஒப்பவில்லை.

நம்ம கூடங்குளத்தையே எடுங்கள். 1988இல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம். 1991இல் அந்த நாடே இல்லை. திட்டமோ ரஷ்யாவோடு தொடர்ந்தது. நடந்து முடிந்த பிறகு இதை எந்தக் கோட்பாடும் விளக்கிவிடும். சரி, அதே விளக்கத்தை வைத்து இன்னும் தெரியாத வேறெதைச் சொல்வாய் என்பார் லகாடோஸ்.

ஆய்வேட்டுக்கு என் ஓட்டு அவருக்குத்தான். என்ன, எது ‘புதிது’ என்பதில் அவர் வழி வந்தவர்களே ஒத்துப்போவதில்லை. வாய்மொழித் தேர்வில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.